வடிமணல் தொட்டியில் ஓர் அசனம்

1

மணலுக்கும் மூச்சடைக்கும் என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். "அமெரிக்கா போயும் மண்ணள்ளுற வேலதானா?" என்று என் சித்தி ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை, என் வேலை அதுதான்.

டெக்சாஸில் நான் இருக்கும் நகரத்தில் கடையோ பள்ளிக்கூடமோ சர்ச்சோ, எது கட்டினாலும், கார் நிறுத்தும் தளத்தில் விழுந்து ஓடிவரும் மழைத்தண்ணீரை அப்படியே ஓடையில் விட்டுவிட முடியாது. சிந்திய எண்ணெய், டயர் தூசி, குப்பை எல்லாம் அதோடு வரும். அதனால் கட்டடத்துக்குப் பின்னால் இடுப்பளவு ஆழத்தில் பெரிய கான்கிரீட் தொட்டி ஒன்று கட்டுவார்கள். அடியில் துளையிட்ட குழாய்கள், அதன்மேல் சல்லி, அதற்கும் மேலே கழுவிய மணல். தண்ணீர் அழுக்கை மணலிடம் கொடுத்துவிட்டுக் குழாய் வழியாக வெளியே போகும். இதைத்தான் மணல் வடிகட்டி என்கிறோம். மழை விட்டு இரண்டு நாளில் தொட்டி காய்ந்திருக்க வேண்டும். காயவில்லை என்றால் மணலின் மேல்தோல் அடைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது என்னை அனுப்புவார்கள். நான் போய்க் குச்சியை விட்டு ஆழம் பார்ப்பேன், தோண்டிப் பார்ப்பேன், எவ்வளவு சுரண்டி எடுத்துப் புதுமணல் போட வேண்டும் என்று சொல்வேன்.

தூத்துக்குடியில் சிவில் படித்துவிட்டு வந்தவள் நான். இங்கே வந்ததும் அந்தச் சான்றிதழ் தலைக்கு வைத்துப் படுக்கக்கூட உதவவில்லை. இந்தப் பாடத்துக்கு என்ன சமானம், அந்தப் பாடத்தை எத்தனை மணி நேரம் படித்தாய் என்று ஒவ்வோர் அலுவலகமாக அலைய விட்டார்கள். கடைசியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படித்து, பரீட்சை எழுதி, இந்த ஆய்வாளர் உரிமத்தை வாங்கினேன். நேர்முகத் தேர்வில், "மழைத்தண்ணீர் வேலை ஏன் பிடிக்கும்?" என்று கேட்டார்கள். எங்கள் தெருவில் மழை பெய்தால் நாள்கணக்காகத் தண்ணீர் நிற்கும், பக்கிள் ஓடை நிறைந்தால் எங்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, நான் தேங்கிய தண்ணீரில் வளர்ந்தவள் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள், வேலை கிடைத்தது. பொன்மணி என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையாமல் 'பொனி' ஆயிற்று. அது இங்கே குட்டைக் குதிரைக்குப் பெயர். ஆரம்பத்தில் அழுகை வந்தது. இப்போது கூப்பிட்டால் திரும்புகிறேன்.

2

அசனம் என்றால் என்னவென்று நாசரேத், சாத்தான்குளம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கிறிஸ்தவச் சபைகளில் பண்டிகை முடிந்ததும் கோயில் வளாகத்தில் போடுகிற பொதுச் சாப்பாடு அது. நேர்ந்துகொண்டவர்கள் ஆடு கொடுப்பார்கள், மற்றவர்கள் அரிசியும் விறகும் கொடுப்பார்கள். சோறும் கறிக்குழம்பும். டாக்டரும் வண்டிக்காரரும் ஒரே பந்தியில் தோளோடு தோள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வீட்டில் கறி எடுத்தவர்களும் அசனச் சோற்றுக்கு வந்து நிற்பார்கள், அதன் ருசி வீட்டில் வராது.

என் அம்மா ஊர் தேரிக்காடு என்கிற செம்மணல் மேடுகளின் ஓரம். அங்கே செம்மணலில் வாய்க்கால் மாதிரி பள்ளம் வெட்டி, அதன்மேல் வரிசையாக அண்டாக்களை ஏற்றுவார்கள். கஞ்சியை அந்த மணலிலேயே வடிப்பார்கள். எலும்பு, இலை, சாம்பல் எல்லாவற்றையும் அதிலேயே தள்ளி மூடிவிடுவார்கள். எவ்வளவு ஊற்றினாலும் தேரி குடித்துவிடும். அடுத்த மழைக்குப் பிறகு அங்கே சமைத்த அடையாளமே இருக்காது. மணல் எதையும் தாங்கும் என்பது எங்கள் ஆட்களின் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை.

இந்த ஊரிலும் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஐக்கியம் வைத்திருக்கிறோம். வெள்ளைக்காரச் சபை ஒன்றின் அரங்கத்தை வாடகைக்கு எடுத்துக் கூடுகிறோம். அசனத்துக்குப் பொறுப்பு சாமுவேல் அண்ணாச்சி. உடன்குடிக்காரர், தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். மனைவி இறந்த பிறகு மகனோடு வந்து இருக்கிறார். கடையில் உட்கார்ந்து ஊரையே அதட்டிய மனுஷர், இங்கே பேரப்பிள்ளை பேசுவது புரியாமல், கார் ஓட்டத் தெரியாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வருஷத்தில் அசனத்தன்று மட்டும் அவர் பழைய அண்ணாச்சி. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "ஏலே, தீயக் கொற! ஏளா, தேங்காய அரச்சாச்சா?" என்று சத்தம் போடுவார். சாஃப்ட்வேர் மேனேஜர்கள் அவர் சொன்னபடி வெங்காயம் உரிப்பார்கள்.

தினமும் விடிந்ததும் அண்ணாச்சியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வசனம் வரும். பூப்படம், சூரியோதயம், சில நாள் தன் குரலிலேயே ஒரு ஜெபம். நான் திறந்து பார்ப்பதில்லை. "ஆமென் அண்ணாச்சி" என்று போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன். பெரியவருக்கு மரியாதை செய்தது போலவும் ஆயிற்று, நேரமும் மிச்சம்.

இந்த வருஷ அசனத்துக்கு நான் போகவில்லை. மகள் ஷெரினுக்கு நீச்சல் போட்டி என்று சொல்லிவிட்டேன். போட்டி இருந்தது உண்மை, ஆனால் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. போன வருஷம் அசனம் முடிந்து திரும்பும்போது காரில் வந்த கறி வாடைக்கு அவள் மூக்கைப் பொத்தியதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. அதற்குள்ளேயே, வாடை போகட்டும் என்று ஜன்னலை இறக்கினவளும் நான்தான். பிள்ளை மாறிப்போனாள் என்று ஊருக்குப் போன் போட்டுப் புலம்புவேன். மாறியது யார் என்று என் மனசுக்குத் தெரியும்.

3

அசனம் முடிந்து சில வாரங்களில் நல்ல மழை. அதற்குப் பிறகு அந்த அரங்கத்தின் பொறுப்பாளர் அம்மாவிடமிருந்து எங்கள் கம்பெனிக்குப் புகார் வந்தது. பின்னால் தொட்டியில் தண்ணீர் வடியவே இல்லை, கொசு, நாற்றம் தாங்க முடியவில்லை என்று. என் மேலதிகாரி டெனிஸும் நானும் போனோம். டெனிஸ் நல்ல மனிதர். அந்த உரிமத்தைப் புதுப்பிக்க எனக்குக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

தண்ணீரை இறைத்துவிட்டு மண்வெட்டியைப் போட்டோம். மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பாளம். ஆறிய கூழின் மேல் ஏடு படிந்தது போல வழுவழுவென்று இருந்தது. கஞ்சியும் கொழுப்பும் சாம்பலும் கலந்து இறுகி, மணலை அப்படியே மெழுகிவிட்டிருந்தது. டெனிஸ் அதைக் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இன்னும் தோண்டினோம். கரி, எலும்பு, மறுபடி எலும்பு. ஒரு மூலையில் ஆட்டின் தாடை எலும்பு பல்லோடு கிடந்தது.

"யாரோ பலி கொடுத்திருக்கிறார்கள். ஏதோ சூனியக் கூட்டம். போலீஸைக் கூப்பிட வேண்டும்" என்றார் டெனிஸ்.

அந்தப் பாளத்துக்குள் ஒரு பிரிஞ்சி இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பூட்ஸ் காலால் மெல்ல மறைத்தேன். ஏன் மறைத்தேன்? அசனச் சோற்றில் வளர்ந்தவள் நான். அதைச் சூனியம் என்கிறாரே, அது எங்கள் சாப்பாடு என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். வாயில் வந்தது வேறு.

"இந்த அரங்கத்தில் ஓர் இந்தியச் சபை கூடுகிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். போலீஸ் வேண்டாம், நான் விசாரிக்கிறேன்" என்றேன்.

கேள்விப்பட்டிருக்கிறேனாம்! அந்தச் சபையின் ஞாயிறு பள்ளிக்கு ஐந்தாறு வருஷம் பாடம் எடுத்தவள் நான்.

4

வீட்டுக்கு வந்த வேகத்தில் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவமானத்தை யார் மேலாவது கொட்ட வேண்டும் போல இருந்தது.

"என்ன காரியம் செஞ்சிய அண்ணாச்சி? அது மழைத்தண்ணி வடியுற எடம். அங்கன போயா தீ மூட்டுவாவ? கஞ்சிய வேற ஊத்தி வச்சிருக்கிய!"

"ஏளா, பைய பேசு. அந்தம்மா புல்லுல தீ வைக்கப்பிடாதுன்னுட்டாவ. இங்கன மணலு சலிச்சுப் போட்ட மாதிரி கெடந்துச்சு. சுத்திச் சுவரு, காத்தும் அடிக்காது. மணல்ல தீ வச்சா பரவாதுல்லா? யாருக்கும் ஒரு ஆபத்து வந்துரப்பிடாதேன்னுதான அங்கன போட்டேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"இது உடன்குடி இல்ல அண்ணாச்சி. தெரியலன்னா தெரிஞ்சவியகிட்ட ஒரு வார்த்த கேக்கப்பிடாதா? இப்படியா மானத்த வாங்குவிய?"

அவர் மெதுவாகச் சொன்னார்: "ஒன்கிட்டதான தாயி கேட்டேன்."

"எப்போ கேட்டிய?"

"படம் எடுத்து அனுப்பினேன்லா. நீ சரின்னு போட்டியே."

போனை வைத்துவிட்டு வாட்ஸ்அப்பை மேலே தள்ளிக்கொண்டே போனேன். பூக்களுக்கும் சூரியோதயங்களுக்கும் நடுவே அது இருந்தது. தொட்டியின் படம், அதன் கீழே குரல் பதிவு. அழுத்தினேன். "ஏளா பொன்மணி, அண்ணாச்சி பேசுதேன். ஹாலுக்குப் பொறத்தால மணல் தொட்டி ஒண்ணு கெடக்கு. நீ இந்த வேலைலதான இருக்க. இதுல அசனத்துக்கு அடுப்பு போட்டா தப்பு ஒண்ணும் இல்லியே? பாத்துச் சொல்லு தாயி."

அதன் கீழே என் பதில், கூப்பிய கைப்படத்தோடு: "ஆமென் அண்ணாச்சி."

ஷெரின் பக்கத்தில் நின்றிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. அவளுக்குத் தமிழ் பேச வராது, கேட்டால் புரியும். "அம்மா, அவர் உன்னைக் கேட்டிருக்கிறாரே" என்றாள் ஆங்கிலத்தில். "டெனிஸிடம் சொல்லிவிடுவாய்தானே?"

"சொல்லுவேன்" என்றேன்.

மறுபடியும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் போட்டேன். அவர் என்னைப் பேசவிடவில்லை. "சரி வுடு. நம்ம ஐக்கியத்துச் செக்ரட்டரி தம்பி அப்பவே வேண்டாம்னான். நாந்தான், பொன்மணியே சொல்லிட்டா, அவளுக்குத் தெரியாததான்னு அவன் வாய அடச்சேன்" என்றார். என் பேரைச் சொல்லி அவர் பெருமைப்பட்டிருக்கிறார். எனக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

5

அரங்கத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஞாயிறுகளில் அங்கே வராததால் என்னை அறியாத பொறுப்பாளர் அம்மா, டெனிஸ், ஐக்கியத்தின் சார்பில் அண்ணாச்சி. செக்ரட்டரிக்கு அன்று வேலை. அண்ணாச்சிக்கு ஆங்கிலம் 'யெஸ்', 'நோ', 'தேங்க்யூ'வோடு சரி. மொழிபெயர்க்க நான். கம்பெனி சட்டையும் பெயர் அட்டையும் போட்டுக்கொண்டு மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அவர் வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பித்தான் போட்டு, எதிர்ப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தார்.

டெனிஸிடம் சொல்லிவிட வேண்டும் என்று காரில் வரும்போது வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். உரிமம் பெற்ற ஆய்வாளர் ஒருத்தி வடிகட்டியின் மேல் தீ மூட்டச் சம்மதம் கொடுத்தாள் என்றால் அந்த உரிமம் நிலைக்காது. பார்க்காமல் போட்டேன் என்பது அதைவிடக் கேவலம். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

அசனம் என்றால் என்ன என்று முதலில் விளக்கினேன். பொறுப்பாளர் அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. டெனிஸ், "நல்ல வழக்கம்தான்" என்றார். பிறகு கேட்டார்: "அந்த இடத்தில் சமைக்கலாம் என்று யாராவது அவரிடம் சொன்னார்களா? அரங்கத்து ஆட்கள் யாராவது? அது எங்களுக்குத் தெரிய வேண்டும்."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். "யாராவது சரின்னு சொன்னாவளான்னு கேக்காரு அண்ணாச்சி" என்றேன்.

அவர் என் சட்டையில் இருந்த பெயர் அட்டையைப் பார்த்தார். "யாரும் சொல்லலன்னு சொல்லு."

"அண்ணாச்சி..."

"யார்ட்டயும் கேக்கல, கெழவன் புத்திகெட்டுப் போய்ச் செஞ்சிட்டேன்னு சொல்லு. வெரசா சொல்லு. அந்தாளு ஒன்னையே பாக்காரு."

சொன்னேன். "அவர் யாரிடமும் கேட்கவில்லை. வயதானவர், தெரியாமல் செய்துவிட்டார், வருந்துகிறார்" என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னேன். எத்தனையோ கூட்டங்களில் தடுக்கி விழுந்த என் ஆங்கிலம் அன்றைக்கு ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. அண்ணாச்சி என் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டி, கடைசியில் இரண்டு கையையும் கூப்பி "சாரி சார், சாரி மேடம்" என்றார். பலசரக்குக் கடையில் யாருக்கும் எழுந்து நிற்காத மனுஷர்.

தீர்ப்பு பெரிய கொடுமை இல்லை. ஐக்கியம் தொடர்ந்து அங்கே கூடலாம். கெட்ட மணலை அவர்களே ஆள் வைத்து அகற்ற வேண்டும். இனிமேல் அந்த வளாகத்தில் எங்கும் சமைக்கக் கூடாது, சாப்பாடு வேண்டுமானால் ஹோட்டலிலிருந்து தட்டுகளில் வரவழைத்துக்கொள்ளலாம். கடைசியில் சொன்னதை மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அண்ணாச்சிக்கு 'நோ குக்கிங்' புரிந்துவிட்டது. "நோ குக்கிங், ஓகே" என்று அவரே சொன்னார்.

வெளியே வந்ததும் டெனிஸ் என் தோளைத் தட்டினார். "பொனி, நீ இல்லாவிட்டால் இது மோசமாகப் போயிருக்கும்" என்றார்.

6

மணல் சுரண்டும் வேலையை இயந்திரம் வைத்துச் செய்ய முடியாது. பாரம் ஏறினால் அடிமணல் இறுகி, அதற்கப்புறம் தண்ணீர் இறங்காது. ஆள் இறங்கித் தட்டை மண்வெட்டியால் மேல்தோலை மட்டும் சீவி எடுக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை ஐக்கியத்து ஆண்கள் வந்தார்கள். சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்க நான் கரையில் நின்றேன். டெனிஸும் வந்திருந்தார்.

தொட்டிக்குள் இறங்கிய ஒவ்வொருவருக்கும் தெரியும். 'பொன்மணியே சொல்லிட்டா' என்று அண்ணாச்சி அடுப்பு மூட்டும்போது அவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயை நான் சோற்றில் மறைக்க, அத்தனை பேரும் குனிந்து அந்தச் சோற்றை அள்ளிக்கொண்டிருந்தார்கள். செக்ரட்டரி தம்பி குடிக்கத் தண்ணீர் எடுக்க மேலே வந்தபோது, டெனிஸ் தள்ளி நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு, "பயப்படாதிய அக்கா. அவ பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுராதியன்னு அண்ணாச்சி வீடுவீடா போன் போட்டுச் சொல்லிட்டாவ" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அண்ணாச்சியை இறங்க வேண்டாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கேட்கவில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, அடுப்பு போட்ட மூலையைத் தானே சீவினார். அதட்டல் இல்லை, சத்தம் இல்லை. கரியும் எலும்பும் வர வர, அதை வாளியில் போட்டுக்கொண்டே இருந்தார். அடியில் வெளுத்த மணல் தெரிந்ததும் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். டெனிஸ் என் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இவ்வளவு போதுமா மேடம்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

ஏளா இல்லை, தாயி இல்லை. என்னைத் தெரியாதவர் போல, ஓர் அதிகாரியிடம் கேட்பது போலக் கேட்டார். எனக்காகத்தான் அப்படிக் கேட்டார். 'ஓகே' என்று கையைத் தூக்கிக் காட்டினேன்.

7

புதுமணல் போட்டு, பெய்த மழையில் தண்ணீர் சரியாக வடிந்ததையும் பார்த்தாயிற்று. வடிகட்டி நன்றாக இருக்கிறது. போன வாரம் டெனிஸ் ஒரு யோசனை சொன்னார். இந்த ஊரில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கூடும் இடங்களுக்கெல்லாம் போய், மணல் வடிகட்டியை எப்படிப் பாதுகாப்பது என்று நான் பேச வேண்டுமாம். "உன் மக்களை நீ எவ்வளவு பக்குவமாகக் கையாண்டாய்!" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஷெரினிடம் சொன்னேன். அவள் தன் அறைக்குப் போய்விட்டாள். அன்றைக்குக் கேட்ட கேள்வியை அவள் திரும்பக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை.

அண்ணாச்சி இப்போது எனக்கு வசனம் அனுப்புவதில்லை. கோபமில்லை என்று செக்ரட்டரி தம்பி சொன்னான். அவளுக்குத் தொந்தரவாக இருக்கிறது போல, பாவம் வேலைக்குப் போகிற பிள்ளை என்று சொன்னாராம்.

நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். உடன்குடியில் இருக்கும் அண்ணாச்சியின் தங்கை இதைப் படிப்பார், என் சித்தியும் படிப்பாள். திட்டுங்கள், நான் அதற்கு உரியவள்தான். ஆனால் எவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்கிறாள் என்று மட்டும் தயவுசெய்து யாரும் மெச்சிவிடாதீர்கள். இதை நான் தமிழில் எழுதியிருக்கிறேன். டெனிஸுக்குத் தமிழ் தெரியாது.